பக்கத்து வீட்டுக் கறுப்பினக் குடும்பம்: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அட்லாண்டாவுக்குக் குடிவந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் தெருவில் பாதி வீடுகள் கறுப்பினக் குடும்பங்களுடையவை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது, ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர்களைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். ஆட்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறா. சில நேரம் எரிச்சலோடு பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில்களால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அதனால்தான் பொறுமையாக உட்கார்ந்து எழுதினேன். எனக்குப் பாதியைச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுபத்தெட்டு வயது. அவரை இங்கே 'எதிர்வீட்டு அம்மா' என்றே குறிப்பிடுகிறேன்.

"கறுப்பர்" என்று சொல்லலாமா, "ஆப்பிரிக்க அமெரிக்கர்" என்றுதான் சொல்ல வேண்டுமா?

இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்கு இரண்டும் பொருந்தும். ஜமைக்கா, ஹெய்ட்டி, நைஜீரியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் தங்களைக் கறுப்பர் என்பார்கள்; ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று எல்லோரும் சொல்லிக்கொள்வதில்லை. நான் எழுதும்போது 'கறுப்பினத்தவர்' என்கிறேன்.

சொல்லக் கூடாதவை நம் வாயிலேயே இருக்கின்றன. 'காப்பிரி', 'காப்பிலி' என்று வீட்டுக்குள் சொல்லிவிட்டு, 'அவர்களுக்குத் தமிழ் தெரியாதே' என்று சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைக்குத் தமிழ் தெரியும்.

அடிமை முறை ஒழிந்து 160 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் எந்தக் காயத்துக்கு மருந்து தேடுகிறார்கள்?

1865இல் அடிமை முறை சட்டப்படி முடிந்தது. அதற்குப் பின் வந்த நூறு ஆண்டுகளில் கும்பல் கொலைகள், தனிப் பள்ளி, தனிக் குழாய், தனி இருக்கை. பொது இடங்களில் பிரித்துவைப்பதைத் தடைசெய்த சட்டம் 1964இல்தான் வந்தது. எதிர்வீட்டு அம்மாவுக்கு அப்போது வயது பதினேழு. 'வரலாறு' என்று நாம் சொல்வது அவருடைய பள்ளிப் பருவம். 1930களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு நிறத்தால் குறித்து, அங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்று ஒதுக்கினார்கள். இந்த நாட்டில் நடுத்தரக் குடும்பத்தின் சொத்து என்பது பெரும்பாலும் வீடுதான். தாத்தாவுக்கு வீடு கிடைக்கவில்லை என்றால் பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கை வைக்க ஒன்றும் இருக்காது.

காயம் உடலிலும் இருக்கிறது. இடைவிடாத அவமதிப்பும் எச்சரிக்கையும் சேர்ந்து உடலை வயதுக்கு முன்பே தேயவைக்கின்றன என்ற கருத்தை ஆர்லீன் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் 1992இல் முன்வைத்தார். வெயிலும் மழையும் மரப்பலகையை அரிப்பதற்கு வழங்கும் 'வெதரிங்' என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். 2021ஆம் ஆண்டின் அரசுக் கணக்கைப் பாருங்கள்: ஒரு லட்சம் பிரசவங்களுக்கு வெள்ளையினத் தாய்மார்களில் 26.6 பேர் இறந்தார்கள். கறுப்பினத் தாய்மார்களில் 69.9 பேர். படித்தவர், பணமுள்ளவர் என்பதால் இந்த இடைவெளி மறைந்துவிடுவதில்லை.

"பண்பாட்டு வழியில் குணமாவது" என்கிறார்களே, பாட்டுப் பாடினால் சரியாகிவிடுமா?

இந்தக் கேள்வியில் உள்ள கிண்டல் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அதைப் போக்கியது ஒரு பழைய சோதனை. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதியர் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளின் முன் பொம்மைகளை வைத்தார்கள். நிறத்தைத் தவிர எல்லாம் ஒன்றே. 'நல்ல பொம்மை எது?' பெரும்பாலான கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. 'கெட்ட பொம்மை எது?' பழுப்புப் பொம்மையைக் காட்டின. கடைசிக் கேள்வி: 'உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு.' சில குழந்தைகள் அழுதன, அறையைவிட்டு ஓடின. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வையும் சுட்டிக்காட்டியது.

அந்தக் குழந்தைக்கு என்ன மாத்திரை கொடுப்பீர்கள்? நீ தாழ்ந்தவள் என்று ஊரே சொல்லும் பொய்யை அவள் உள்ளத்திலிருந்து எடுக்க, ஊரில் ஒரு பகுதியாவது வேறு மாதிரிப் பேச வேண்டும். பாட்டு, சமையல், கூந்தல் பின்னல், முன்னோர் கதை எல்லாம் அந்த வேறு பேச்சுதான். இப்போது அதை முறையாகச் செய்யும் வட்டங்களும் உண்டு. 'உணர்வு விடுதலை வட்டம்' என்று தமிழில் சொல்லலாம். கறுப்பின உளவியலாளர் சங்கமும் சமூகக் குணமாக்கல் வலையம் என்ற அமைப்பும் சேர்ந்து உருவாக்கியவை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு, அந்தப் பொய் தங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று ஒவ்வொருவராகப் பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்று யாரும் சொல்லவில்லை.

எதற்கெடுத்தாலும் தேவாலயம் என்கிறார்களே, அவ்வளவு பக்தியா?

பக்தியும் உண்டு. ஆனால் ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்கினால் எளிதில் புரியும். 1787இல் பிலடெல்பியாவில் ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் ஆகிய இருவர், அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள், 'சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம்' தொடங்கினார்கள். உறுப்பினர் மாதம் ஒரு ஷில்லிங் வெள்ளி கட்ட வேண்டும். ஓராண்டு கழிந்தபின், உறுப்பினர் யாராவது நொடித்துப்போனால் வாரம் மூன்று ஷில்லிங் ஒன்பது பென்ஸ் கிடைக்கும். தன் சொந்தப் பொறுப்பின்மையால் நொடித்துப்போயிருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் உண்டு! விதவைக்கு உதவி, தந்தையை இழந்த பிள்ளைக்குப் படிப்பு. நம் ஊர்களில் மரண சகாய நிதி நடத்தியவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் பழக்கமானதாக இருக்கும்.

1793இல் அந்த நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. கறுப்பர்களுக்கு அந்த நோய் வராது என்று பெஞ்சமின் ரஷ் என்ற பெரிய மருத்துவர் நம்பினார். அவர்களை உதவிக்கு அழைத்தார். சங்கத்தார் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களைச் சுமந்தார்கள். நகரின் கறுப்பினத்தவரும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். நோய் தணிந்ததும், கூலிக்கு ஆசைப்பட்டுக் கொள்ளையடித்தார்கள் என்று அச்சிலேயே பழி வந்தது. இருவரும் 1794இல் வரவுசெலவுக் கணக்கோடு மறுப்பு நூல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஆலனின் தேவாலயம் திறக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த திருச்சபை இன்றும் இருக்கிறது.

வங்கி, பள்ளி, காப்பீடு எதற்குள்ளும் நுழைய முடியாதவர்களுக்கு இந்த ஒரு கட்டடமே எல்லாமாக இருந்தது. குறையில்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். வேலையைப் பெண்கள் செய்ய மேடையை ஆண்கள் வைத்துக்கொண்டார்கள் என்ற மனக்குறை உண்டு. தன்பால் ஈர்ப்புள்ள பிள்ளைகள் அங்கே காயப்பட்டதும் உண்டு. கறுப்பினத்தவரில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். எந்த மதமும் வேண்டாம் என்னும் இளைஞர்களும் கூடிவருகிறார்கள்.

முடிதிருத்தும் கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்களே, வேலை இல்லையா?

என் மகனுக்கு முடி வெட்ட முதன்முறை அங்கே போனபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அதற்குள் ஒரு பெரியவருடைய மூட்டு அறுவை சிகிச்சை பேசப்பட்டது, ஒரு பையனுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை நடந்தது, அண்மையில் மனைவியை இழந்த ஒருவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் பேசச் சொல்லவில்லை. முடி வெட்டியவர் அவரிடம் பணம் வாங்காததை மட்டும் கவனித்தேன்.

இதன் பலன் எண்ணிலும் வந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 52 முடிதிருத்தும் கடைகளில், உயர் ரத்த அழுத்தம் உள்ள 319 கறுப்பின ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. பாதிக் கடைகளுக்கு மருந்தாளுநரே வந்து, நாற்காலியருகில் ரத்த அழுத்தம் பார்த்து மருந்து கொடுத்தார். மற்றக் கடைகளில் மருத்துவரைப் பாருங்கள் என்று முடிதிருத்துபவர் அறிவுரை சொன்னார். ஆறு மாதத்தில் முதல் வகையில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. இரண்டாவதில் 9 புள்ளி. மருத்துவமனை வாசலில் தயங்குகிற மனிதர் இங்கே தயங்கவில்லை. ஏன் தயங்குகிறார் என்பதை மனநலக் கேள்வியில் சொல்கிறேன்.

பெண்களுக்கு இதே இடம் கூந்தல் நிலையம். பின்னல் போட்ட பெண்ணை வேலைக்கு எடுக்க மறுப்பதும், சிறுமியைப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்புவதும் நடந்ததால், கூந்தல் வகையை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019இல் கலிபோர்னியா முதலில் சட்டம் போட்டது. பின்னல் அழகாக இருக்கிறது என்று சொல்லுங்கள். தொட்டுப் பார்க்காதீர்கள்.

கோடையில் நூறு பேர் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவில் கூடுகிறார்களே, அது கட்சிக் கூட்டமா?

குடும்ப ஒன்றுகூடல். சட்டையின் முதுகில் ஒரு மரம், குடும்பப் பெயர், ஆண்டு. இதைக் கேளிக்கை என்று மட்டும் நினைத்திருந்த என்னை ஒரு பழைய செய்தித்தாள் பத்தி உலுக்கியது. அடிமைச் சந்தையில் தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று விற்கப்பட்டார்கள். விடுதலை வந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் தேடத் தொடங்கினார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு தேவாலய வார இதழ் 1870களின் பிற்பகுதியில் 'தொலைந்த நண்பர்கள்' என்ற பத்தியைத் தொடங்கியது. சந்தாதாரர் அல்லாதவர் ஐம்பது சென்ட் கட்ட வேண்டும். என் தாய் பெயர் இது, எங்கள் எஜமான் இன்னார், இந்த ஊரில் பிரிந்தோம், தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்ற வகையில் வரும் அறிவிப்புகளைப் போதகர்கள் மேடையிலிருந்து படிக்க வேண்டும் என்று மேலே ஒரு வேண்டுகோளும் இருக்கும். பிரிந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆனவர்கள்கூட எழுதினார்கள்.

வேர் தேடுவோர் மோதும் சுவர் ஒன்று உண்டு: 1870. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில்தான் முன்னாள் அடிமைகள் பெயரோடு பதியப்பட்டார்கள். அதற்கு முந்தைய அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டுமே. எதிர்வீட்டு அம்மா என்னை ஒருமுறை அழைத்துப்போனார். சாப்பாட்டுக்கு முன் அவருடைய அண்ணன் ஒரு காகிதத்தைப் பார்த்துப் பெயர்களைப் படித்தார். முதல் பெயர் 1870இல் முப்பத்தொரு வயதான ஒரு பெண். பெயர் சொல்லச் சொல்லத் தரையில் தண்ணீர் ஊற்றினார்கள். நமக்கு இது புதிதா என்ன?

ஜூன்டீன்த், குவான்சா எல்லாம் இப்போது உண்டாக்கிய பண்டிகைகள்தானே?

ஒன்று பழையது, ஒன்று புதியது. அடிமைகளை விடுவிப்பதாக லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. டெக்சாஸின் கால்வெஸ்டனுக்கு ராணுவம் வந்து அதை அறிவித்தது 1865 ஜூன் 19இல். அந்த நாளே ஜூன்டீன்த். 1872இல் ஹூஸ்டனில் முன்னாள் அடிமைகள் பணம் திரட்டி, இதைக் கொண்டாடுவதற்கென்றே பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அந்தப் பூங்கா இன்றும் இருக்கிறது. தேசிய விடுமுறை ஆனது மட்டும் 2021இல். ஆப்பிரிக்கப் பண்பாட்டைக் கொண்டாடும் குவான்சாவை மௌலானா கரேங்கா என்ற கறுப்பினச் செயற்பாட்டாளர் 1966இல் தொடங்கினார். டிசம்பர் 26 முதல் ஏழு நாள், ஏழு மெழுகுவத்தி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் கொண்டாடுகிறார்கள்.

சின்னப் பையனிடம் போலீஸைப் பற்றிச் சொல்லிப் பயமுறுத்துகிறார்களே, அது சரியா?

அந்தப் பேச்சை ஒரு தாய் தன் மகனிடம் பேசியபோது அடுப்படியில் நானும் இருந்தேன். அவனுக்குப் பதினோரு வயது. 'கை இரண்டும் தெரிகிற மாதிரி வை. திடீரென்று பைக்குள் கை விடாதே. ஐயா என்று சொல். நீ சரியாகவே இருந்தாலும் அங்கே வாதாடாதே, வீட்டுக்கு உயிரோடு வா, வாதாடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.' திரும்பச் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். பிறகு அவனுக்கு ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாத தொட்டியில் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

பயத்தை மட்டும் கொடுத்தால் பிள்ளை கூனிப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் எச்சரிக்கையையும் பெருமிதத்தையும் சேர்த்தே ஊட்டுகிறார்கள். பொம்மைச் சோதனைக்கு அவர்கள் வீட்டிலிருந்து தரும் பதில் இதுதான்.

இவ்வளவு வேதனை இருந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டியதுதானே?

போகிறவர்கள் இருக்கிறார்கள், கூடிக்கொண்டும் இருக்கிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் அறியாமை இல்லை, அனுபவம். அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று பெயர் சூட்டி 1851இல் கட்டுரை எழுதினார் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர். அது பழங்கதை என்றால், அலபாமாவின் டஸ்கீகியில் சிஃபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களுக்கு, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காக, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் 1972 வரை அரசே வேடிக்கை பார்த்தது. மன்னிப்புக் கேட்டது 1997இல்.

மருத்துவத்தைத் தங்கள் இடத்துக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. 1946இல் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் லஃபார்க் மனநல நிலையம் திறக்கப்பட்டது. கட்டணம் 25 சென்ட். மருத்துவர்கள் ஊதியம் வாங்காமல் மாலை நேரங்களில் வந்தார்கள். கறுப்பின உளவியலாளர்கள் 1968இல் தனிச் சங்கம் அமைத்தார்கள். இன்றும் தன் இனத்தைச் சேர்ந்த சிகிச்சையாளர் கிடைப்பது கடினம். கிடைத்தால் காத்திருப்போர் பட்டியல் நீளம். கிடைத்தவர்கள் சொல்லும் நிம்மதி ஒன்றே: முதல் அரை மணி நேரத்தை இனவெறி என்று ஒன்று இருக்கிறது என்று நிரூபிப்பதில் கழிக்க வேண்டியதில்லை.

சார்ல்ஸ்டனில் மன்னித்தார்களே! மன்னித்துவிட்டால் மனம் ஆறிவிடாதா?

2015 ஜூன் 17 அன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், மேலே சொன்ன ஆலனின் திருச்சபையைச் சேர்ந்த ஒரு தேவாலயத்தில், வேதப் படிப்புக்கு வந்த ஒரு வெள்ளையின இளைஞனை வரவேற்று உட்காரவைத்தார்கள். அவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டே நாளில், நீதிமன்றத்தில், இறந்தவர்களின் உறவினர் சிலர் உன்னை மன்னிக்கிறேன் என்றார்கள். உலகமே அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எல்லாக் குடும்பங்களும் அப்படிச் சொல்லவில்லை என்பதை மறந்துவிட்டது.

எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். 'மன்னிப்பது அவர்களுக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள விஷயம். அதைக் கேட்டு மற்றவர்களுக்கு ஏன் இவ்வளவு நிம்மதி என்றுதான் எனக்குப் புரியவில்லை' என்றார். அவர் எனக்கு நினைவூட்டியது வேறொரு தாயை. 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்து, சுட்டுக் கொன்று ஆற்றில் எறிந்தார்கள். சிகாகோவில் அவன் தாய் மேமி சவப்பெட்டியை மூட மறுத்தார். பல்லாயிரம் பேர் வரிசையில் வந்து சிதைந்த அந்த முகத்தைப் பார்த்தார்கள்; கறுப்பின இதழ் படம் போட்டது. அவர் துக்கத்தை ஊரே சேர்ந்து சுமந்தது, ஓர் இயக்கமும் எழுந்தது. அதுவும் ஒரு வகை ஆறுதல்தான், மன்னிப்பு இல்லாமலே.

இழப்பீட்டுப் பணம் கேட்கிறார்களே, மனக்காயத்துக்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு?

கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் கடற்கரையில் வில்லா புரூஸ் என்ற பெண் 1912இல் மனை வாங்கி, கணவரோடு கறுப்பினத்தவருக்கான விடுதி நடத்தினார். பூங்கா அமைப்பதாகச் சொல்லி 1920களில் நகராட்சி அவர்கள் நிலத்தைப் பறித்தது. 2022இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம் அதைக் கொள்ளுப்பேரர்களிடம் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு அவர்கள் அதை ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு மாவட்டத்திடமே விற்றார்கள். இத்தனை ஆண்டுகள் எவ்வளவு கையைவிட்டுப் போனது என்பது அந்தத் தொகையில் தெரிகிறது. பாட்டும் வட்டமும் இருக்கட்டும், நிலத்தைக் கொடு என்று கேட்பதில் எனக்கு முரண் தெரியவில்லை. இலினாயின் எவன்ஸ்டன் நகரம் வீட்டுப் பாகுபாட்டால் இழந்தவர்களுக்கு 25,000 டாலர் வீதம் கொடுக்க 2021இல் முடிவெடுத்தது.

பணமில்லாத ஈடும் உண்டு. இங்கிருந்து இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில் மாண்ட்கமரி. 2018இல் திறந்த நினைவிடத்தில் 800க்கும் மேற்பட்ட துருநிற எஃகுத் தூண்கள், மாவட்டத்துக்கு ஒன்றாக, கும்பல் கொலைக்கு ஆளானவர்களின் பெயர்களோடு தொங்குகின்றன. அங்குள்ள காட்சியகத்தில் கண்ணாடிச் சாடிகளைப் பார்த்தேன். கொலை நடந்த இடத்தின் மண்ணை ஊர்க்காரர்களும் வழித்தோன்றல்களும் தோண்டி நிரப்பியவை. சாடியில் பெயர், ஊர், நாள். ஒன்றில் கரிசல், ஒன்றில் செம்மண், ஒன்றில் வெறும் மணல். செம்மண் சாடியின் முன் என்னால் நகர முடியவில்லை. எங்கள் ஊர் மண்ணின் நிறம்.

நாமும் வெறும் கையோடு வந்து உழைத்து முன்னேறவில்லையா? அவர்களால் ஏன் முடியவில்லை?

வெறும் கையோடு வரவில்லை. பட்டத்தோடும் விசாவோடும் வந்தோம். நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்த குடிவரவுச் சட்டம் 1965இல் வந்தது. அந்தக் காலத்தில் கறுப்பினத்தவர் நடத்திய சம உரிமைப் போராட்டம் இல்லாமல் அது வந்திருக்காது. மற்றதற்கு இரண்டாவது பதிலைத் திரும்பப் படியுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றது, பிறகு ஆம் என்று உணர்ந்தேன் என்று 1965இல் அவரே சொன்னார். அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் பிறந்த தலித் சிறுத்தைகள் இயக்கம் பெயரை எடுத்தது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கருஞ்சிறுத்தைகள் கட்சியிடமிருந்து. நம் விடுதலைச் சிறுத்தைகளின் பெயருக்கும் அதுவே வேர். சிறுத்தை என்றதும் துப்பாக்கி நினைவுக்கு வருகிறவர்களுக்கு: 1969இல் ஓக்லாந்தில் ஒரு தேவாலயக் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு பரிமாறியவர்களும் அவர்களே. அவர்களால் ஏன் முடியவில்லை என்று கேட்பவரிடம், ஊரில் சேரிக்காரர்களைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. பேச்சு அங்கே நின்றுவிடும்.

பக்கத்து வீட்டில் ஒரு துக்கம். நான் என்ன செய்வது?

போங்கள். அடக்கத்துக்குப் பின் கூட்டாகச் சாப்பிடும் வழக்கம் உண்டு, உணவு கொண்டுபோகலாம். எலுமிச்சைச் சாதம் கொடுத்தேன், தட்டு கழுவப்பட்டுப் பீச் பழப் பலகாரத்தோடு திரும்பி வந்தது. இனவெறியால் நேர்ந்த துக்கம் என்றால், நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். 'எல்லாக் காவலர்களும் அப்படி இல்லை' என்று தொடங்காதீர்கள். பள்ளிக் குழுக் கூட்டத்தில் அவர்கள் பேசும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அந்த வட்டங்களில் நானும் போய் உட்காரலாமா?

பெரும்பாலும் முடியாது. அவை அவர்களுக்கானவை. நான் கேட்டபோது எதிர்வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே மறுத்தார். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை பக்கத்து அறையில் ஒன்பது பிள்ளைகளோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருக்கிறேன். சோழிகளில் நான்கைக் காணவில்லை.